இலவச டெலிவரி வரம்பு 499-ஆ 599-ஆ: சோதிக்க சர்வர் பக்கம் போகலாமா?

#1 புதுக்கணக்கு

வணக்கம். வெப்சைட், ஆண்ட்ராய்டு ஆப், ஐஃபோன் ஆப் மூன்றிலும் விற்கும் நடுத்தர அளவு வீட்டுச்சாமான் கடை. நாளுக்குச் சுமார் 40,000 பேர் வருகிறார்கள். அதில் 3% பேர் ஆர்டர் போடுகிறார்கள். ஏ/பி சோதனை (வருபவர்களை இரண்டாகப் பிரித்து, ஏ-க்குப் பழையதும் பி-க்குப் புதியதும் காட்டிப் பார்ப்பது) எல்லாம் இதுவரை பக்கத்தின் தலையில் ஒட்டும் ஜாவாஸ்கிரிப்ட் துண்டு வழியாகத்தான். அடுத்து இலவச டெலிவரி வரம்பை ₹499-லிருந்து ₹599-க்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். இதை சர்வரில்தான் செய்ய வேண்டும் என்கிறது டெவலப்பர் பக்கம், பழைய டூலே போதும் என்கிறது மார்க்கெட்டிங் பக்கம்.

பக்கம் மினுக்குவது ஒன்றுதான் காரணமா, அல்லது வேறு காரணங்களும் உண்டா? மாறினால் எங்கெங்கே சிக்கும்? விற்பனையாளர்களின் விளக்கப் பக்கங்களில் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

#2 பின்தளம்

மினுக்கல் ஒரு காரணம்தான், ஆனா பெரிய காரணம் அது இல்லை. முதல்ல அதை முடிச்சுடறேன்.

பிரவுசர்ல ஓடுற டூல், சர்வர் அனுப்பின பக்கத்தைத் திரையில வந்த பிறகு மாத்துது. பழைய தலைப்பு ஒரு கணம் தெரிஞ்சு புதுசு வரும். அதை மறைக்க ஒரு துண்டு கோடு போட்டு, மாத்தி முடியற வரைக்கும் பக்கத்தையே மறைச்சு வைப்பாங்க. கூகுள் ஆப்டிமைஸ்ங்கிற பிரவுசர் டூல் இருந்த காலத்துல அதோட மறைப்புத் துண்டுக்கு இயல்பான கால எல்லை 4 விநாடி. நெட்வொர்க் மெதுவா இருக்கிற இடத்துல 4 விநாடி வெள்ளைத் திரை. பெரிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள்ள வரணும்னு கூகுளே தன் கோர் வெப் வைட்டல்ஸ்ங்கிற பக்க அனுபவ அளவுகள்ல சொல்லுது. சோதனையோட கருவியே வேகத்தைக் கெடுத்தா, அளக்கிறது வடிவமைப்பையா தாமதத்தையான்னு பிரிக்க முடியாது.

இப்ப உங்க 599-க்கு வர்றேன். அந்த எண் எங்கெல்லாம் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. பொருள் பக்கத்துல "₹599-க்கு மேல் டெலிவரி இலவசம்"ங்கிற வரி, கூடையில "இன்னும் ₹80-க்கு வாங்குங்க"ங்கிற பட்டை, செக்அவுட்ல கட்டணக் கணக்கு, பேமென்ட் கேட்வேக்குப் போற தொகை, ஜிஎஸ்டி பில், ஒரு பொருளைத் திருப்பினா ரீஃபண்ட் கணக்கு, எஸ்எம்எஸ். இதுல பிரவுசர் டூல் தொடக்கூடியது முதல் ரெண்டுதான், அதுவும் வெப்ல மட்டும். மிச்சம் எல்லாம் சர்வர் போடுற கணக்கு. திரையில 499-ன்னு காட்டி சர்வர் 599-ன்னு கணக்குப் போட்டா, ₹520-க்கு வாங்கினவர்கிட்ட டெலிவரிக் கட்டணம் பிடிப்பீங்க. அது சோதனை இல்லை, வாடிக்கையாளரை ஏமாத்துறது.

ஆப்லயும் இதே கதைதான். ஆப் ஸ்டோர் அனுமதி வாங்கி புது பதிப்பு வெளியிட்டாலும், ஆறு மாசப் பழைய பதிப்பு வச்சிருக்கிறவங்க இருந்துகிட்டேதான் இருப்பாங்க. வரம்பு சர்வர்லேர்ந்து வந்தா எல்லாப் பதிப்புக்கும் ஒரே நேரத்துல மாத்தலாம், ஒரே நேரத்துல திரும்பப் பெறலாம்.

கம்பெனிகள் சர்வர் பக்கம் போறதுக்குக் காரணம் இதுதான்: பணம் புரளற முடிவுகள் அங்கதான் இருக்கு. விலை, தேடல் வரிசை, பரிந்துரை, மோசடி சரிபார்ப்பு, டெலிவரி நேரக் கணிப்பு எதுவும் பிரவுசர்ல கிடையாது. 2012-ல மைக்ரோசாஃப்ட் பிங் தேடல்ல விளம்பரத் தலைப்பு காட்டுற விதத்துல ஒரு சின்ன மாற்றம். யாரோ ஒருத்தர் சொன்ன யோசனை, முக்கியமில்லைன்னு ஆறு மாசத்துக்கு மேல கிடப்புல இருந்தது. ஒரு இன்ஜினியர் எடுத்து எழுதிச் சோதனையா விட்டார். வருமானம் 12% ஏறுச்சு. அமெரிக்காவுல மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல. எந்த யோசனை ஜெயிக்கும்னு யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியலைன்னா, கிடப்புல கிடக்கிறதை மலிவா விட்டுப் பார்க்க வழி இருக்கணும். தேடல் மாதிரி இடத்துல அந்த வழி சர்வர் கோடுக்குள்ளதான் போகும்.

#3 வடக்குவாசல்

குக்கீ (ஆளை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சின்னக் குறிப்பு) விஷயம் விட்டுப்போயிற்று, சேர்த்துவிடுகிறேன். 2019-இல் சஃபாரி பிரவுசரில் ஐடிபி 2.1 என்ற பின்தொடர்தல் தடுப்பு வந்தபிறகு, ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கீக்கு அங்கே ஆயுள் 7 நாள். இன்று பி பிரிவில் இருந்தவர் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தால் புது ஆளாகக் கணக்காவார், ஏ பிரிவுக்கும் போகலாம். இரண்டு வாரச் சோதனையில் ஐஃபோன்காரர்கள் பாதிப் பேர் இரண்டு பக்கமும் கலந்துவிட்டால், இருக்கும் வேறுபாடும் கரைந்து காணாமல் போகும்.

உங்கள் சர்வரே பக்கத்தோடு அனுப்பும் செட்-குக்கீ ஹெடரில் எழுதினால் இந்த 7 நாள் வரம்பு இல்லை. ஆனால் டூல் கம்பெனியின் சர்வரை உங்கள் சப்டொமைனில் சிநேம் (ஒரு முகவரியை இன்னொன்றுக்குக் காட்டும் டிஎன்எஸ் பதிவு) வழியாக மாட்டி ஏமாற்றப் பார்த்தால், 2020-இல் வந்த சஃபாரி 14-லிருந்து அதற்கும் 7 நாள்தான். சொந்த சர்வரே எழுத வேண்டும்.

கூகுள் ஆப்டிமைஸ் 2023 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டதும் பலருக்கு ஒரு தூண்டுதல். எப்படியும் வேறு இடம் போக வேண்டியிருந்தது, போகிறபோதே சர்வர் பக்கம் போய்விடலாம் என்ற கணக்கு.

#4 சின்னக்கடை

எல்லாரும் ஒரே பக்கம் தள்ளுகிறீர்கள், மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிரவுசர் டூலில் மார்க்கெட்டிங்கில் இருப்பவர் டெவலப்பரைக் கேட்காமல் ஒரு பேனர் வாசகத்தை மதியத்துக்குள் சோதனைக்கு விடலாம். சர்வர் பக்கத்தில் அதே வேலைக்கு டிக்கெட், கோடு, ரிவ்யூ, டெஸ்டிங், டெப்ளாய். முடிந்தபின் அந்தக் கோட்டை எடுக்க இன்னொரு டிக்கெட். மாதம் எட்டுச் சோதனை ஓட்டியவர்கள் இரண்டுக்கு இறங்கிவிடுவார்கள்.

தலைப்பு, படம், வரிசை மாற்றம் இவற்றுக்குப் பழைய டூலையே வைத்துக்கொள்ளுங்கள். விலை, கட்டணம், தேடல், ஆப் இவை மட்டும் சர்வருக்குப் போகட்டும்.

#5 பின்தளம்

ஒத்துக்கறேன். ஒரே ஒரு நிபந்தனை: ஒரே பக்கத்துல ரெண்டு கருவியும் ஒரே விஷயத்தைத் தொடக்கூடாது. சர்வர் 599-ன்னு போட்ட வரியை மார்க்கெட்டிங் டூல் வேற வாசகமா மாத்தினா ரெண்டு சோதனையும் குப்பை.

#6 கணக்குப்பிள்ளை

கருவி எதுவாக இருந்தாலும் ஆள் எண்ணிக்கை போதுமா என்பதை முதலில் பாருங்கள். 80% கண்டறியும் திறன் (இருக்கும் வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பு), 5% பிழை (இல்லாததை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) என்று வைத்தால் ஒரு பிரிவுக்கு வேண்டிய ஆட்கள்: 16 × விகிதம் × (1 − விகிதம்) ÷ வேறுபாட்டின் வர்க்கம்.

ஆர்டர் விகிதம் 3%, அதில் 5% ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க வேண்டும். வேறுபாடு 0.0015. 16 × 0.03 × 0.97 ÷ 0.00000225 = பிரிவுக்குச் சுமார் 2.07 லட்சம் பேர். இரண்டு பிரிவுக்கும் 4.14 லட்சம். நாளுக்கு 40,000 பேரும் புதியவர்களாக இருந்தால்கூட 10 நாள் ஆகும். வந்தவரே திரும்ப வருவதால் உண்மையில் இன்னும் நீளும்.

இங்கேதான் சர்வர் பக்கத்துக்கு ஒரு நல்ல வசதி. கூடைப் பக்கத்தைத் தொட்டவர்களை மட்டும் சோதனையில் எண்ணலாம். அவர்களில் 35% பேர் ஆர்டர் போடுகிறார்கள் என்று வையுங்கள். அதே 5% மாற்றத்தைப் பிடிக்க 16 × 0.35 × 0.65 ÷ 0.00030625 = பிரிவுக்குச் சுமார் 11,900 பேர். 3% ஆர்டர் விகிதத்தோடு இது பொருந்தினால் நாளுக்குக் கூடை தொடுவோர் 3,400 பேர் அளவில் இருப்பார்கள். ஒரு வாரத்தில் எண்ணிக்கை சேர்ந்துவிடும். சேர்ந்தாலும் இரண்டு முழு வாரத்துக்குக் குறைத்து ஓட்டாதீர்கள். சம்பள வாரமும் மாதக் கடைசியும் ஒரே மாதிரி வாங்காது.

ஆனால் ஒரு குழி இருக்கிறது. பொருள் பக்கத்திலேயே "₹599-க்கு மேல் இலவசம்" என்று காட்டினால், கூடைக்கு வருகிறவர்களின் கூட்டமே இரண்டு பிரிவிலும் வேறாகிவிடும். அப்போது கூடையில் எண்ணத் தொடங்குவது தவறு. அந்த வரி முதலில் கண்ணில் படும் இடத்தில் எண்ண வேண்டும். இதைவிடக் கெட்ட தவறு ஒன்றும் உண்டு: "கூடைத் தொகை ₹499-க்கும் ₹599-க்கும் நடுவில் உள்ளவர்களைத்தானே இது பாதிக்கும்" என்று அவர்களை மட்டும் வடிகட்டுவது. பி பிரிவில் 599-ஐத் தொட இன்னொரு பொருளைச் சேர்த்தவர் அந்த வடிகட்டலில் வெளியே போய்விடுவார். கூடைத் தொகை என்பதே சோதனையின் விளைவு. விளைவை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது பொய்க் கணக்கு.

ஆர்டர் விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். 599-இல் ஆர்டர் குறையலாம், ஒவ்வொரு ஆர்டரிலும் மிஞ்சும் பணம் ஏறலாம். ஆளுக்கு எவ்வளவு மிஞ்சியது (டெலிவரிச் செலவு கழித்து) என்பதுதான் முதன்மை அளவு. பண அளவுகளில் சிதறல் மிக அதிகம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட க்யூபெட் முறையில், அதே ஆளின் சோதனைக்கு முந்தைய கொள்முதலைக் கழித்துச் சிதறலைக் குறைக்கலாம். பழைய வாடிக்கையாளர் நிறைய உள்ள கடைக்கு அது நன்றாகவே வேலை செய்யும்.

#7 புதுக்கணக்கு

கூடைத் தொகையால் வடிகட்டுவது பற்றிச் சொன்னதற்கு நன்றி. நாங்கள் போட்டு வைத்திருந்த டேஷ்போர்டு சரியாக அதைத்தான் செய்கிறது. ஆட்களைப் பிரிக்கும் வேலை எப்படி நடக்க வேண்டும்? டேட்டாபேஸில் ஒவ்வொருவருக்கும் பிரிவை எழுதி வைக்க வேண்டுமா?

#8 பின்தளம்

எழுத வேண்டாம். ஹாஷ் (எதைக் கொடுத்தாலும் ஒரு எண்ணா மாத்துற, அதே உள்ளீட்டுக்கு எப்பவும் அதே எண் தர்ற கணக்கு) போதும். யூசர் ஐடியையும் சோதனைக்கான சால்ட்டையும் (அந்தச் சோதனைக்குன்னு வைக்கிற ஒரு சொல்) ஒட்டி மர்மர்ஹாஷ்3-ங்கிற ஹாஷ்ல போடுங்க, வர்ற எண்ணை 10,000-ஆல வகுத்து மீதி எடுங்க, அதுதான் பக்கெட் எண். 0 முதல் 4,999 வரை ஏ, 5,000 முதல் 9,999 வரை பி. எந்த சர்வர்ல கேட்டாலும் அதே ஆளுக்கு அதே பதில். டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம், மைக்ரோ விநாடியில முடியும்.

சால்ட் ஒவ்வொரு சோதனைக்கும் வேறா இருக்கணும். ஒரே சால்ட் போட்டா, போன சோதனையில பி-ல கூப்பன் வாங்கினவங்களே இந்தச் சோதனையிலயும் பி-ல வருவாங்க, பழைய கூப்பனோட சூடு புதுக் கணக்குல ஏறும்.

எத்தனை சதவீதம் பேரைச் சோதனைக்குள்ள விடறது, உள்ளே வந்தவரை எந்தப் பிரிவுல போடறது, இந்த ரெண்டுக்கும் ரெண்டு தனி ஹாஷ் வையுங்க. ஒரே ஹாஷ்ல எல்லைகளை நகர்த்தினா 10%-லேர்ந்து 50%-க்கு ஏத்தும்போது ஏற்கனவே ஒரு பிரிவுல இருந்த சிலர் இன்னொரு பிரிவுக்குத் தாவிடுவாங்க.

இப்ப, பல ப்ரோக்ராமிங் மொழியில சர்வீஸ் வச்சிருக்கிற எல்லா இடத்துலயும் தலைகாட்டற ஒரு பிழை. மர்மர்ஹாஷ்3-ஓட 32 பிட் விடையை ஜாவா குறியோட உள்ள எண்ணாப் படிக்கும். அதனால பாதி விடைகள் எதிர்மறை. ஜாவாவுல எதிர்மறை எண்ணை வகுத்தா மீதியும் எதிர்மறை. "5,000-க்குக் கீழே இருந்தா ஏ"ன்னு எழுதின வரியில அந்தப் பாதிப் பேர் மொத்தமும் ஏ-க்குப் போவாங்க. மிச்சப் பாதியிலயும் பாதி ஏ. ஆக 75-க்கு 25. பைத்தான் பக்கம் அதே கணக்கு நேர்மறை மீதி தரும், 50-க்கு 50. கூடை சர்வீஸ் ஜாவாவுல, எஸ்எம்எஸ் சர்வீஸ் பைத்தான்ல இருந்தா, கூடையில 499-ன்னு பார்த்தவருக்கு 599-ன்னு எஸ்எம்எஸ் போகும். மாத்.ஏபிஎஸ் (கழித்தல் குறியை நீக்கற ஜாவா கட்டளை) போட்டுச் சரி பண்ணிடலாம்னு நினைக்காதீங்க: −2,147,483,648-க்கு அது அதே எதிர்மறை எண்ணைத்தான் திருப்பித் தரும். மாத்.ஃப்ளோர்மாட் போட்டா மீதி எப்பவும் நேர்மறை. ஆனா மத்த மொழியில ஹாஷைக் குறியில்லாத எண்ணாப் படிச்சா பக்கெட் எண் அப்பவும் வேறா வரும், ஏன்னா 2-ன் 32-ஆம் அடுக்கு 10,000-ஆல மீதியில்லாம வகுபடாது. அதனால எல்லா மொழியிலயும் குறியில்லாத 32 பிட் எண்ணா மாத்தின பிறகே வகுக்கணும்.

ஐடி "00123"-ன்னு ஒரு இடத்துல சரமா, 123-ன்னு இன்னொரு இடத்துல எண்ணா போறதும் இதே விளைவைத் தரும். 1,000 ஐடிக்கு எதிர்பார்க்கிற பக்கெட் எண்ணை ஒரு கோப்புல எழுதி, ஒவ்வொரு மொழியோட எஸ்டிகேயும் (பிரிவைக் கணக்கிடுற கோட்டுத் தொகுப்பு) அதே விடை தருதான்னு பில்ட்லயே சோதிங்க.

#9 வடக்குவாசல்

அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு சர்வீஸும் தனித்தனியாகக் கணக்குப் போடாமல் இருப்பது. எல்லாக் கோரிக்கையும் முதலில் வந்து சேரும் கேட்வே சர்வரில் ஒருமுறை பிரிவைத் தீர்மானித்து, டபிள்யூ3சி பேகேஜ் ஹெடரில் (கோரிக்கையோடு கூடவே போகும் குறிப்பு) வைத்து உள்ளே அனுப்புங்கள். தேடல், கூடை, செக்அவுட் மூன்றும் அதைப் படிக்கட்டும். காஃப்கா என்ற செய்தி வரிசையில் போகும் நிகழ்வுகளிலும் பிரிவை எழுதி விடுங்கள்; இரண்டு மணி நேரம் கழித்து பில் அனுப்பும் வேலைக்கு அப்போதைய விதி வேண்டாம், ஆர்டர் போட்ட நேரத்தின் விதிதான் வேண்டும்.

டேட்டாபேஸில் அந்தக் கூடைக்கான பதிவிலேயே வரம்புத் தொகையையும் சேமித்து வைத்துவிடுங்கள். சோதனையை நடுவில் நிறுத்தினாலும், அவர் பார்த்த எண்தான் அவருக்கு. வாடிக்கையாளர் சேவைத் திரையிலும் அந்தத் தொகை தெரிய வேண்டும். "என் தங்கச்சிக்கு 499, எனக்கு ஏன் 599" என்று கூப்பிடுவார்கள். எடுத்துப் பேசுகிறவருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால் அவருக்கும் கஷ்டம், கேட்பவருக்கும் கோபம்.

#10 கேஷ்காவல்

பொருள் பக்கம் சிடிஎன் கேஷிலிருந்து (பக்கத்தின் பிரதியை வைத்திருந்து உங்கள் சர்வருக்குப் பதிலாக அனுப்பும் இடைச் சர்வர்கள்) போகிறதா? அப்படியானால் மேலே சொன்ன எதுவும் அங்கே ஓடாது. பக்கத்தைக் கேட்கும் கோரிக்கை உங்கள் சர்வருக்கே வராது.

நடப்பது இதுதான். காலை 9 மணிக்குக் கேஷ் காலாவதியாகிறது. முதலில் வந்தவர் பி பிரிவு. 599 உள்ள பக்கம் கேஷில் உட்காருகிறது. அடுத்த ஒரு மணி நேரம் வரும் எல்லாருக்கும், ஏ பிரிவினர் உட்பட, 599. இதைவிட மோசம், அந்தப் பதிலில் செட்-குக்கீ ஹெடரும் இருந்து சிடிஎன் அதையும் சேர்த்துச் சேமித்துவிட்டால், அந்த ஒரு ஆளின் ஐடி ஆயிரக்கணக்கான பிரவுசர்களுக்குப் போய்ச் சேரும். அறிக்கையில் ஒரே "ஆள்" 300 ஆர்டர் போட்டதாகத் தெரிவது இப்படித்தான்.

"வேரி: குக்கீ" (குக்கீ ஹெடர் மாறினால் தனிப் பிரதி வை என்று கேஷுக்குச் சொல்வது) போட்டால் தீரும் என்று சிலர் சொல்வார்கள். குக்கீ ஹெடரில் அனலிட்டிக்ஸ் எண்ணெல்லாம் இருக்கும், ஆளுக்கு ஆள் வேறு. கேஷ் ஒருவருக்கும் பயன்படாமல் போய்விடும். எல்லாக் கோரிக்கையும் உங்கள் சர்வரின் தலையில்.

சரியான வழிகள்: எட்ஜில் (சிடிஎன் சர்வரிலேயே) ஓடும் சின்னக் கோட்டில் பிரிவைத் தீர்மானித்து, பிரிவின் பெயரை மட்டும் கேஷ் சாவியில் (பிரதியைத் தேடி எடுக்கும் பெயரில்) சேர்ப்பது ஒன்று. ஒரே பக்கத்தில் இரு பிரிவுச் சோதனை ஐந்து ஓடினால் 32 பிரதிகள் ஆகும் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தைப் பொதுவாகவே கேஷில் வைத்து, டெலிவரி வரியை மட்டும் சேமிக்கக்கூடாத தனி ஏபிஐ மூலம் எடுப்பது இன்னொன்று. அந்த வரிக்கு முன்பே உயரம் ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வந்ததும் பக்கம் குதிக்கும். உங்களுக்கு இரண்டாவதே போதும்.

முதல் வழியில் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. 90-க்கு 10 என்று பிரித்தால், பி-யின் பிரதிகளைக் கேட்பவர்கள் குறைவு. அவை அடிக்கடி கேஷில் இல்லாமல் போகும், பி மெதுவாகும், மெதுவானதால் தோற்கும். பாதுகாப்புக்காகக் குறைவான பேருக்கு விட வேண்டும் என்றால் ஏ-க்கு 10, பி-க்கு 10 என்று வைத்து மீதி 80-ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த ஏ 10-க்கும் தனிக் கேஷ் சாவி கொடுங்கள். இல்லையென்றால் 80 பேர் சூடாக்கிய கேஷில் அது இலவசமாகச் சவாரி செய்யும்.

#11 சின்னக்கடை

ஒரு கேள்வி. யார் சோதனையில் இருந்தார் என்று எப்போது பதிவு செய்ய வேண்டும்? பிரிவைத் தீர்மானித்த உடனே எழுதுவதுதானே பாதுகாப்பு? பிறகு எழுதினால் தவறிவிடும் ஆபத்து இருக்கிறதே.

#12 கணக்குப்பிள்ளை

கேட்வேயில் எழுதினால், 599-ஐப் பார்க்கவே பார்க்காமல் முகப்புப் பக்கத்தோடு போனவர்களும் சேருவார்கள். விளைவு நீர்த்துப்போகும், மேலே சொன்ன 11,900 மறுபடி 2 லட்சமாகும். வேறுபாடு வெளிப்படும் கோடு வரியில்தான் எழுத வேண்டும், ஏ பிரிவுக்கும் அதே வரியில். பலர் தவறுவது இங்கேதான்: பி-யின் புதுக் கோட்டுக்குள் மட்டும் பதிவை வைப்பார்கள், ஏ-க்குப் பழைய இடத்தில் இருக்கும். பிறகு இரண்டும் வேறு வேறு கூட்டம்.

இன்னொரு சிக்கல் பாட்கள் (தானாகப் பக்கங்களைப் படிக்கும் நிரல்கள்). பிரவுசர் டூலில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டாத பாட் கணக்கிலேயே வராது. சர்வருக்கு எல்லாமே கோரிக்கைதான். விலை சுரண்டும் பாட் ஒவ்வொரு முறையும் குக்கீ இல்லாமல் வந்து புதிய ஆளாகப் பதிவாகும். ஆள் எண்ணிக்கை ஊதி, ஆர்டர் விகிதம் இரு பிரிவிலும் சரிந்துவிடும். நீங்கள் பதிவை சர்வரிலும் ஆர்டரைப் பிரவுசர் அனலிட்டிக்ஸிலும் எடுத்தால் இன்னும் கெடும்: விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் விகிதத்தின் கீழே (ஆட்களில்) எண்ணப்படுவார், மேலே (ஆர்டரில்) எண்ணப்பட மாட்டார். இரண்டையும் சர்வரிலிருந்தே எடுங்கள்.

இந்தத் தவறுகளில் பலவற்றை ஒரே சோதனை காட்டிக்கொடுக்கும்: பிரிவுகளின் ஆள் எண்ணிக்கை திட்டமிட்ட விகிதத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. 50-க்கு 50 திட்டம். வந்தது ஏ 1,00,000, பி 1,01,500. பார்க்க ஒன்றுமில்லாத வித்தியாசம். கை-வர்க்கக் கணக்கு (எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு): எதிர்பார்ப்பு தலா 1,00,750, விலகல் 750, 750 × 750 ÷ 1,00,750 × 2 = 11.17. பி-மதிப்பு (பி பிரிவோடு தொடர்பில்லை, தற்செயலாக இவ்வளவு விலகும் வாய்ப்பு) சுமார் 0.0008. தற்செயலாக இது வருவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அந்தச் சோதனையின் முடிவை, எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், திறந்தே பார்க்கக்கூடாது. மைக்ரோசாஃப்டிலேயே சுமார் 6% சோதனைகளில் இந்தக் கோளாறு இருந்ததாக 2019-இல் அவர்கள் பங்கேற்ற ஆய்வு சொல்கிறது. அவ்வளவு முதிர்ந்த தளத்திலேயே அப்படி என்றால், புதிதாகக் கட்டுவதில் தினமும் தானாக ஓட வேண்டிய சோதனை இது.

#13 வடக்குவாசல்

பாட் என்றதும் ஞாபகம் வந்தது. கூகுள் பாட்டை அடையாளம் கண்டு அதற்கு மட்டும் எப்போதும் ஏ காட்டுவது கூகுளின் விதிப்படி குற்றம், குளோக்கிங் (தேடுபொறிக்கு ஒன்றும் ஆட்களுக்கு வேறொன்றும் காட்டுவது) கணக்கில் வரும். எல்லாரையும் போல அதையும் ஒரு பிரிவில் விடுங்கள், பகுப்பாய்வில் மட்டும் நீக்குங்கள். தனி முகவரிக்குத் திருப்பி விடும் சோதனை என்றால் 301 (நிரந்தரத் திருப்பல்) வேண்டாம், 302 (தற்காலிகத் திருப்பல்). அந்தப் பக்கத்தில் மூல முகவரிக்குக் கேனானிகல் குறி (அதுவே மூலப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது).

#14 புதுக்கணக்கு

முதல் நாள் 10%, சரியாக இருந்தால் மறுநாள் 50% என்று ஏற்றலாம் என்பது திட்டம். பரவாயில்லையா?

#15 கணக்குப்பிள்ளை

ஏற்றலாம், இரண்டு நாளையும் கூட்டக்கூடாது. எண்ணோடு பாருங்கள். நாளுக்கு 1 லட்சம் பேர் என்று வையுங்கள்.

முதல் நாள், சம்பள நாள்: ஏ-யில் 90,000 பேர், 3,600 ஆர்டர், 4%. பி-யில் 10,000 பேர், 420 ஆர்டர், 4.2%.
இரண்டாம் நாள், மந்தமான நாள்: ஏ-யில் 50,000 பேர், 1,000 ஆர்டர், 2%. பி-யில் 50,000 பேர், 1,100 ஆர்டர், 2.2%.

இரண்டு நாளும் பி முந்துகிறது. கூட்டினால்: ஏ 4,600 ÷ 1,40,000 = 3.29%. பி 1,520 ÷ 60,000 = 2.53%. பி படுதோல்வி என்று அறிக்கை சொல்லும். பி-யின் ஆட்களில் பெரும்பாலோர் மந்தமான நாளில் வந்தவர்கள், அவ்வளவுதான். இது சிம்ப்சன் முரண். ஏற்றும் கட்டம் கோடு உடையாமல் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும். விகிதம் நிலைத்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

தினமும் எட்டிப் பார்த்து, பி-மதிப்பு 0.05-க்குக் கீழே போன அன்று நிறுத்துவதும் கூடாது. ஐந்து முறை எட்டிப் பார்த்தாலே 5% பிழை சுமார் 14% ஆகும். தினமும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்றே உள்ள தொடர் சோதனை முறைகளைப் பயன்படுத்துங்கள்.

#16 பின்தளம்

நிறுத்துறது பத்தி வந்ததால, ஃப்ளாக் (கோட்டுல ஒரு வசதியை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) விதிகளைத் தர்ற சர்வர் விழுந்தா என்னங்கிறதையும் எழுதிடறேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் வெளியே போய் "இவர் எந்தப் பிரிவு"ன்னு கேட்கிற மாதிரிக் கட்டாதீங்க. விதிக் கோப்பை சர்வர் நினைவுலயே வச்சு, 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிச்சுக்கணும். க்ரோத்புக், அன்லீஷ் மாதிரி திறமூலக் கருவிகள்லயும் இப்படி வச்சுக்க வழி இருக்கு.

அதுல ஒரு ஓட்டை: புதுசா எழும் கன்டெய்னர் (சர்வர் நிரலோட இன்னொரு ஓடும் பிரதி), விதிக் கோப்பு வர்றதுக்கு முன்னாடியே கோரிக்கையை வாங்க ஆரம்பிச்சா, எல்லாருக்கும் இயல்பு மதிப்பான 499 போகும். பண்டிகை விற்பனையில ஆட்டோஸ்கேலிங் நிமிஷத்துக்கு நிமிஷம் கன்டெய்னர் எழுப்பும்போது, பி பிரிவு ஆளுக்குப் பக்கத்துக்குப் பக்கம் எண் மாறும். கோப்பு வந்து சேரும் வரை ரெடினஸ் சரிபார்ப்பு "தயார்"னு சொல்லக்கூடாது. கடைசியா நல்லா ஓடின கோப்போட ஒரு பிரதி கன்டெய்னர் இமேஜுக்குள்ளயே இருக்கட்டும்.

முடிஞ்ச சோதனையோட கோட்டை எடுக்கிறதுக்குக் கெடு வையுங்க. 2012 ஆகஸ்ட் 1-ல நைட் கேபிடல்னு ஒரு அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம், பழைய ஒரு ஃப்ளாக்கைப் புது வேலைக்கு மறுபடி பயன்படுத்துச்சு. 8 சர்வர்ல ஒண்ணுல மட்டும் புதுக் கோடு போகலை. அங்க அந்த ஃப்ளாக், 2003-லேர்ந்து யாரும் பயன்படுத்தாம கிடந்த பழைய கோட்டை எழுப்பி விட்டுது. 45 நிமிஷத்துல 44 கோடி டாலருக்கு மேல நஷ்டம். அது ஏ/பி சோதனை இல்லை, ஆனா அழுகின ஃப்ளாக் என்ன செய்யும்ங்கிறதுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஃப்ளாக் பெயரை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு ஃப்ளாக்குக்கும் பொறுப்பாளர் பெயரும் முடிவு நாளும் கோப்புலயே இருக்கட்டும். நாள் தாண்டினா பில்ட் உடையட்டும். கடுமையாத் தெரியும், ஆனா வேற எதுவும் வேலை செய்யாது.

#17 புதுக்கணக்கு

உள்நுழையாமல் பார்த்துவிட்டு, செக்அவுட்டில் உள்நுழைபவர்களை என்ன செய்வது? ஹாஷ் குக்கீ ஐடியிலா, யூசர் ஐடியிலா?

#18 வடக்குவாசல்

இந்தச் சோதனைக்குக் குக்கீ ஐடி, ஆப்பில் டிவைஸ் ஐடி. உள்நுழையும் நொடியில் யூசர் ஐடிக்கு மாறினால் 499 பார்த்துக் கூடை நிரப்பியவருக்கு செக்அவுட்டில் 599 வரும். உள்நுழையும்போது குக்கீ ஐடியையும் யூசர் ஐடியையும் சேர்த்து ஒரு பதிவு எழுதுங்கள். வெப்பிலும் ஆப்பிலும் வேறு வேறு பிரிவில் பட்டவர்களை அதை வைத்து எண்ணிப் பாருங்கள். அவர்கள் அதிகம் என்றால், உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் யூசர் ஐடியில் சோதனையை ஓட்டுங்கள். ஆள் குறையும், கலப்பு இருக்காது.

டெலிவரிப் பையன்கள் ஒரே கூட்டம் என்பதையும் கவனியுங்கள். பி-யில் ஆர்டர் குறைந்து வண்டிகள் ஓய்ந்தால் ஏ-யின் டெலிவரி வேகமாகும். இந்த அளவு கடைக்கு அது சிறிது. உடனடி டெலிவரி நிறுவனங்களில் அதுவே பெரிய தலைவலி; அதனால்தான் அமெரிக்க உணவு டெலிவரி நிறுவனமான டோர்டாஷ் போன்றவை ஆளைப் பிரிக்காமல், ஒரு பகுதி முழுவதையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஏ, பி என்று மாற்றி மாற்றி ஓட்டுகின்றன.

#19 புதுக்கணக்கு

599-ஐத் தொடுவதற்கு முன் ஏ/ஏ சோதனை ஒரு வாரம் ஓட்டலாம் என்று முடிவு. இரு பிரிவுக்கும் 499. அதில் பி-மதிப்பு 0.03 வந்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தமா?

#20 கணக்குப்பிள்ளை

ஒரே ஓட்டத்தில் சொல்ல முடியாது. நூறு ஏ/ஏ-வில் ஐந்தில் 0.05-க்குக் கீழே வருவது இயல்பு. கடந்த மாதப் பதிவுகளை எடுத்து, சால்ட்டை மாற்றி மாற்றி 1,000 முறை அதே ஆட்களைக் கணினியிலேயே இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். யாருக்கும் எதுவும் காட்ட வேண்டியதில்லை, ஒரு இரவில் முடியும். 1,000 பி-மதிப்புகளும் 0-க்கும் 1-க்கும் இடையே சமமாகப் பரவியிருக்க வேண்டும். 0.05-க்குக் கீழே 50-ஐ ஒட்டி விழுந்தால் சரி. 120, 150 என்று விழுந்தால், பெரும்பாலும் பிரித்தது ஆளை, சிதறலைக் கணக்கிட்டது செஷனை (ஒரு வருகையை) அல்லது ஆர்டரை வைத்து என்றிருக்கும். ஒரே ஆளின் ஐந்து செஷன் ஐந்து தனி ஆளாகாது. டெல்டா முறை என்ற புள்ளியியல் கணக்கில் ஆள் அளவில் சிதறலைக் கணக்கிட்டு மறுபடி 1,000 முறை ஓட்டுங்கள். இது பகுப்பாய்வை மட்டும்தான் சோதிக்கும். பிரிப்பும் பதிவும் கேஷும் சரியா என்று பார்க்க நீங்கள் சொன்ன அந்த ஒரு வார நேரடி ஓட்டம் வேண்டும், அதில் முதலில் பார்க்க வேண்டியது ஆள் எண்ணிக்கை விகிதத்தை.